ஃபைஃபாக்ஸ் செயலி: ஒரு நடுநிலைப் பள்ளி அறிவியல் டீச்சரின் பார்வையில்

6 முதல் 8 வரை அறிவியல் எடுக்கும் டீச்சர்கள் யாராவது "பிள்ளைங்களுக்குப் போன்ல உருப்படியா என்ன இருக்கு?" என்று என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் ஃபைஃபாக்ஸ். இரண்டாவது பெயர் சொல்லக் கொஞ்சம் யோசிப்பேன்.

நான் வேலை பார்ப்பது செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் இடையில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில். மூன்று வகுப்புக்கும் அறிவியல் நான்தான். ஆய்வகம் என்று தனி அறை கிடையாது, ஒரு பீரோ இருக்கிறது. காந்தங்கள், லென்சுகள், ஸ்பிரிங் தராசு, உடைந்தது போக மிச்சமிருக்கும் சோதனைக் குழாய்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்தப் பீரோவில் இப்போது இரண்டு பழைய போன்களும் இருக்கின்றன. சிம் இல்லாத, திரையில் கீறல் விழுந்த போன்கள். அவற்றில் இருப்பது இந்த ஒரு செயலி மட்டும்தான். சில வருடமாக இதை வைத்துப் பாடம் எடுக்கிறேன். நல்லதும் குறையும் இரண்டும் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையினர் இதை உருவாக்கி 2016இல் வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். விளம்பரம் கிடையாது. பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொருளில் விளம்பரம் வராதது எவ்வளவு பெரிய நிம்மதி என்று டீச்சர்களுக்குத் தெரியும். ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணையம் வேண்டாம். எங்கள் ஊரில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், அதனால் எனக்கு இது முக்கியம்.

இது செய்கிற வேலை எளிமையானது. போனைச் சாய்த்தால் திரையும் திரும்புகிறதே, அதற்காக உள்ளே ஒரு முடுக்கமானி இருக்கிறது. மேப்பில் திசை காட்டக் காந்தமானி. வெயிலில் போனால் திரை வெளிச்சம் தானாகக் கூடுவதற்கு ஒளி உணரி. பேசுவதற்கு மைக். இவையெல்லாம் நல்ல அளவுக் கருவிகள். போன் அவற்றைத் தன் சொந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது, எண்ணை நமக்குக் காட்டுவதில்லை. ஃபைஃபாக்ஸ் அந்த எண்ணை வெளியே எடுத்துத் திரையில் வைக்கிறது, வரைபடமாகவும் காட்டுகிறது.

இதற்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு தனியார் நிறுவனம் ஸ்மார்ட் கிளாஸ் பாடத் தொகுப்பு ஒன்றை விற்க வந்தது. பெயர் வேண்டாம். எங்கள் பள்ளியிலும் மாதிரிக்குக் கொஞ்ச நாள் போட்டுக் காட்டினோம். ஒலி அலை நீல நிறத்தில் சுருண்டு சுருண்டு போகும், பின்னணியில் இசை. பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். முடிந்ததும் கேட்டேன்: "ஒலி ஒரு நொடிக்கு இவ்வளவு தூரம் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாங்க?" ஒரு பையன் எழுந்து, "அந்த வீடியோல சொன்னாங்க டீச்சர்" என்றான். அவன் மேல் தப்பு இல்லை. அவனுக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான். எரிமலையையும் இதயம் துடிப்பதையும் என்னால் வகுப்புக்குக் கொண்டுவர முடியாது, அதற்கு வீடியோ வேண்டும். பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடு வீடியோக்களை நானும் போடுகிறேன். ஆனால் ஒலி எங்கள் வராந்தாவிலேயே இருக்கிறது. அதைப் படமாகக் காட்டிவிட்டு நகர்வது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று வயதில்தான் ஒரு எண்ணைத் தானே அளந்து எடுக்க முடியும் என்ற தைரியம் வர வேண்டும்.

எட்டாம் வகுப்பு ஒலியியல் பாடத்துக்கு நான் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செயலியில் ஒலியால் ஓடி ஒலியால் நிற்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று இருக்கிறது. ஒரு சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தம் கேட்டால் நின்றுவிடும். இரண்டு போன்களை வராந்தாவில் 10 மீட்டர் இடைவெளியில் வைக்கிறோம். முதல் போன் பக்கத்தில் நிற்கும் பிள்ளை கை தட்டுகிறாள். அந்தப் போன் உடனே ஓடத் தொடங்குகிறது. சத்தம் 10 மீட்டர் போய்ச் சேர்ந்தபிறகுதான் இரண்டாவது போன் தொடங்கும். கொஞ்சம் பொறுத்து, இரண்டாவது போன் பக்கத்தில் நிற்கும் பிள்ளை தட்டுகிறாள். இந்த முறை அவள் பக்கத்துப் போன் முதலில் நிற்கும், முதல் போன் தாமதமாக நிற்கும். ஆக, முதல் போனில் நேரம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல், ஒலி போகவும் வரவும் எடுத்துக்கொண்ட நேரம், அதாவது 20 மீட்டருக்கான நேரம். 20ஐ அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். இரண்டு போனின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. இந்த முறையின் அழகு அதில்தான் இருக்கிறது.

காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் நொடிக்குச் சுமார் 331 மீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். எங்கள் ஊர் 33 டிகிரி வெயிலில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 351 வர வேண்டும். 20 மீட்டருக்கு 0.057 நொடி. பிள்ளைகளுக்குக் கிடைப்பது 330லிருந்து 370 வரை எங்கேயாவது இருக்கும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. "என்னா டீச்சர், அவுங்க குரூப்புக்கு மட்டும் இவ்வளவு கூட வருது?" "அவன் போனை விட்டுத் தள்ளி நின்னு தட்டுறான், அதான்." ஆமாம், அதுதான் காரணம். போனுக்கு ஒட்டி நின்று தட்டாவிட்டால் தூரம் மாறிவிடும். இதை நான் சொல்லவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். பிழை எங்கிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை துப்புத் துலக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் நூற்றுக்கு நூறு மார்க் பேப்பர் திருத்தும்போது வருவதில்லை.

ஒரு மாணவி கேட்டாள்: "காலையில குளிரா இருக்கும்போது மெதுவாப் போகுமா டீச்சர்?" கேள்வி அருமையானது. ஆனால் 10 மீட்டரில் அதைப் பிடிக்க முடியாது, எங்கள் பிழையே அதைவிடப் பெரிது. அதனால் விளையாட்டுச் சாமான் பெட்டியிலிருந்து நீள டேப்பை எடுத்து மைதானத்தில் 30 மீட்டர் அளந்தோம். கை தட்டுவது அவ்வளவு தூரம் எட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்தோம். மார்கழிக் காலையில் பிரேயருக்கு முன்னால், 22 டிகிரி இருக்கும்போது கொஞ்சம், அதே நாள் மத்தியானம் வெயிலில் கொஞ்சம். கணக்குப்படி வித்தியாசம் ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் நான்கு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு அடியிலும் அது தெரியவில்லை. பல முறை அடித்துச் சராசரி எடுத்தபோது, காலையில் ஒலி எடுத்துக்கொண்ட நேரம் கூடுதலாக வந்தது. சராசரி எதற்கு என்று அதுவரை கணக்குப் பாடத்தில் மட்டும் படித்த பிள்ளைகள், அதன் உபயோகத்தைக் கண்ணால் பார்த்தார்கள். மைதானத்தில் காற்று அடித்ததே, அது கெடுத்துவிடாதா என்று அடுத்த கேள்வி வந்தது. ஒலி ஒருமுறை காற்றோடும் ஒருமுறை காற்றை எதிர்த்தும் போவதால் பெரும்பகுதி சரியாகிவிடும். இதை விளக்க எனக்கு இன்னொரு பீரியட் ஆயிற்று. பாடத்திட்டத்தில் இல்லாத பீரியட்தான். கொடுத்தது நல்லது.

எந்தச் சோதனைக்கும் நான் வைத்திருக்கும் கட்டாயம் ஒன்று உண்டு. போனைத் தொடுவதற்கு முன்னால் நோட்டில் ஊகம் எழுத வேண்டும். தப்பாக இருந்தால் அழிக்கக் கூடாது, பக்கத்தில் அளந்த எண்ணை எழுத வேண்டும். குழுவில் ஆளுக்கொரு வேலை: ஒருவர் தட்டுவார், ஒருவர் டேப் பிடிப்பார், ஒருவர் போன் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். எழுதுகிறவருக்குப் பிள்ளைகளே வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. வேலை சுற்றில் மாறும். இல்லாவிட்டால் போன் எப்போதும் துடுக்கான பையன்கள் கையிலேயே இருக்கும். பெண் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். இதை டீச்சர்தான் கவனிக்க வேண்டும், எந்தச் செயலியும் கவனித்துத் தராது.

ஏழாம் வகுப்பில் வேகமும் முடுக்கமும் வருகிறது. அதற்கு நான் தினமும் வரும் பஸ்ஸையே எடுத்துக்கொண்டேன். ஆரப்பாளையத்தில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஜி.பி.எஸ். சோதனையை ஓடவிட்டேன். ஜன்னல் ஓரம் முக்கியம், நடுவில் உட்கார்ந்தால் சிக்னல் தடுமாறும். வகுப்புக்கு வந்ததும் வேகம், நேரம் வரைபடத்தைக் காட்டினேன். இந்த வரைபடத்தை அவர்கள் ஒரு கதையாகவே படித்தார்கள். "இது நாகமலை புதுக்கோட்டை ஸ்டாப்." "இங்க ரொம்ப நேரம் நிக்குது, செக்கானூரணியாத்தான் இருக்கும்." "இந்த இடத்துல டிரைவர் சடன் பிரேக் போட்டிருக்காரு டீச்சர், கோடு செங்குத்தா இறங்குது." வரைபடத்தின் சரிவு என்றால் என்ன என்று நான் பலகையில் எத்தனை தடவை கோடு போட்டிருப்பேன். அவர்கள் அறிந்த சாலையை வைத்துச் சொன்னதும் ஒரே பீரியடில் விளங்கிவிட்டது. செயலி நொடிக்கு மீட்டர் என்ற அலகில் காட்டுவதும் வசதியாகப் போயிற்று. 15 என்று வந்தால் 3.6ஆல் பெருக்கி 54 கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டும். பஸ் வேகத்தை அறிந்தவர்கள் என்பதால் விடை பொருந்துகிறதா என்று அவர்களுக்கே தெரியும்.

ஆறாம் வகுப்புக்குக் காந்தமானி போதும். எங்கள் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. போனை வெறும் தரையில் வைத்தால் ஏறத்தாழ அது தெரியும். பெஞ்ச் மேல் மெதுவாக நகர்த்தினால் சில இடங்களில் எண் தாவும். அங்கே சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்வேன். பிறகு பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தால் அந்தந்த இடத்தில் ஆணியோ இரும்புப் பட்டையோ இருக்கும். புதையல் தோண்டுவது போல அவ்வளவு ஆர்வம். ஒரு எச்சரிக்கை: வலுவான காந்தத்தைப் போனில் ஒட்டி வைக்கக் கூடாது. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை வைத்தபிறகு எங்கள் போன் ஒன்றில் அளவு தாறுமாறாக வந்தது. போனைக் காற்றில் எட்டு வடிவத்தில் சுழற்றியதும் சரியாயிற்று.

இனிக் குறைகள்.

முதல் குறை செயலியுடையது அல்ல, போனுடையது. விலை குறைந்த பல போன்களில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் இருப்பதில்லை. காற்றழுத்தமானி இருக்கிற போன்கள் அதைவிடக் குறைவு. ஊசல் சோதனைக்குக் கைரோஸ்கோப் வேண்டும். அதற்காக ஒரு பழைய போன் வாங்க மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். எல்லா சென்சாரும் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இல்லை. மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். நீங்கள் பழைய போன் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே ஃபைஃபாக்ஸை இறக்கிப் பாருங்கள். அந்தப் போனில் செய்ய முடியாத சோதனைகள் பட்டியலில் மங்கலாகத் தெரியும். தொட்டால் எந்த உணரி இல்லை என்றும் சொல்லும். காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு நிமிட வேலை.

கைரோஸ்கோப் இல்லையே என்று ஊசலை விட்டுவிடவில்லை. புளியமரத்து ஊஞ்சலில் சாதாரண ஸ்டாப்வாட்ச் வைத்தே செய்தோம். ஒல்லிப் பிள்ளை ஆடினாலும் குண்டுப் பையன் ஆடினாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் அநேகமாக ஒன்றே. கயிற்றின் நீளத்தை மாற்றினால்தான் நேரம் மாறும். 1 மீட்டர் நீளமுள்ள ஊசலுக்கு ஏறத்தாழ 2 நொடி. இதற்குச் செயலி அவசியமே இல்லை. எங்கே அவசியமில்லையோ அங்கே நான் போனை வெளியே எடுப்பதில்லை.

இரண்டாவது குறை கொஞ்சம் ஆழமானது. முடுக்கமானியை எடுத்துப் போனை மேசையில் சும்மா வைத்தால் 9.8 என்று காட்டும். ஓடவும் இல்லை, அசையவும் இல்லை, முடுக்கம் மட்டும் 9.8. பிள்ளைகள் குழம்புவது நியாயம்தானே? மேசை போனை மேல்நோக்கித் தாங்குவதையும் சேர்த்து அந்த உணரி உணர்கிறது. போனைத் தலையணை மேல் விழவிட்டால், விழும் அந்தக் கணம் மட்டும் எண் பூஜ்யத்துக்கு அருகில் இறங்கும். கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கே யோசிக்க வேண்டிய விஷயம் இது. புவியீர்ப்பைக் கழித்துவிட்டுக் காட்டும் இன்னொரு சோதனையும் செயலியில் இருக்கிறது. ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அதை மட்டும் திறங்கள். புவியீர்ப்போடு சேர்த்துக் காட்டுவதை எட்டாம் வகுப்பில், அதுவும் கேள்வி கேட்கிற வகுப்பில், தலையணையோடு செய்து காட்டுங்கள். இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் அவசரத்தில் மாற்றித் திறந்துவிட வாய்ப்பு அதிகம்.

பட்டியல் நீளமானது என்பதையும் சொல்ல வேண்டும். திறந்ததும் ஏகப்பட்ட சோதனைகள் வரிசையாக நிற்கும். அதில் பாதி மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் உரியது. புதிதாகத் தொடங்கும் டீச்சர் அதைப் பார்த்தே மூடிவிடக்கூடும். என் போனில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வேண்டிய நான்கைந்து பொத்தான்களைப் பலகையில் படமாக வரைந்து தமிழில் எழுதிப்போடுவேன், அது போதுமாக இருக்கிறது.

அப்புறம் இந்தத் தசமப் புள்ளி. ஒலி ஸ்டாப்வாட்ச் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் காட்டும். கால்குலேட்டர் இன்னும் ஏழெட்டு இலக்கம் நீட்டும். நோட்டைத் திறந்தால் 350.8771929 என்று அப்படியே எழுதியிருப்பார்கள். டேப்பையே ஐந்து சென்டிமீட்டர் முன்னேபின்னேதான் பிடித்தோம், இத்தனை இலக்கத்துக்கு நமக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பேன். அளவீட்டுப் பாடத்தின் சாரமே இந்தக் கேள்விதான். அதனால் இதைக் குறை என்று சொல்வதா வாய்ப்பு என்று சொல்வதா என்றால், நான் வாய்ப்பு என்பேன்.

ஒலி ஸ்டாப்வாட்சில் இன்னொரு விஷயம். பக்கத்து வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னால்கூட ஓடத் தொடங்கிவிடும். எவ்வளவு சத்தத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எல்லையை உயர்த்திக்கொள்ளலாம், அந்த வசதி அங்கேயே இருக்கிறது. ஒலியின் அளவை டெசிபலில் காட்டும் சோதனையை மட்டும் நம்பி எழுதிக்கொள்ள வேண்டாம். வேறொரு சரியான கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கூடுதல், குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வசதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஒரு போனில் நாற்பது தலை எட்டிப் பார்க்க முடியாது. ஃபைஃபாக்ஸில் தொலைவிலிருந்து இயக்கும் வசதி ஒன்று உண்டு. போனின் ஹாட்ஸ்பாட்டை மடிக்கணினியோடு இணைத்து, போன் காட்டும் முகவரியை பிரவுசரில் அடித்தால் போதும், வரைபடம் மடிக்கணினியில் நேரடியாக ஓடும். இதற்கும் இணையம் வேண்டாம். போன் தரையில் இருக்கும், பிள்ளைகள் பெரிய திரையில் பார்ப்பார்கள். ரப்பர் பந்தைச் சிமெண்டுத் தரையில் விழவிட்டுத் துள்ளவைக்கும் சோதனைக்கு இது பிரமாதம். பந்து தரையில் படும் சத்தங்களுக்கு இடையிலான நேரத்தை வைத்து எவ்வளவு உயரம் எழும்பியது என்று செயலி சொல்லும். இரண்டு அடிக்கு நடுவில் 0.6 நொடி என்றால் பந்து ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் எழும்பியிருக்கிறது. சுவரில் ஸ்கேலை ஒட்டிவைத்துக் கண்ணாலும் சரிபார்ப்போம். இந்தச் சோதனையைப் பல பிள்ளைகள் வீட்டில் அப்பா போனில் செய்துவிட்டு வருகிறார்கள். "போனக் குடுத்தா கேமுதேன் வெளாடுவான்னு நெனச்சேன் டீச்சர், பந்தக் கீழ போட்டுப் போட்டு என்னமோ எழுதிக்கிட்டே இருக்கான்" என்று ஒரு அம்மா ரேஷன் கடையில் என்னிடம் சொன்னார்.

காற்றழுத்தமானி உள்ள போன் எங்களிடம் இல்லை. ஆனால் சக ஆசிரியர் ஒருவரின் போனில் இருந்தது. களப்பயணமாகக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனபோது அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடிவாரத்துத் தாமரைக் குளம் அருகே ஒரு அளவு, படியேறிப் பேச்சிப்பள்ளம் போய் ஒரு அளவு. ஏறத்தாழ 9 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (செயலி காற்றழுத்தத்தைக் காட்டும் அலகு) குறையும். குறைந்ததை 9ஆல் பெருக்கி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்று பிள்ளைகள் அங்கேயே பாறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மேலே தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே, காற்றுக்கு எடை இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறங்கும்போது ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டே, "ஏறுது டீச்சர், நம்ம மேல இருக்கிற காத்து கூடுது" என்றான். எனக்கு அது போதும். ஒரு போனில் மட்டும் இருக்கும் வசதி என்பதால் இதை எல்லாப் பள்ளிக்கும் பரிந்துரைக்க முடியாது. ஆனால் உங்கள் பள்ளியில் யாரிடமாவது அப்படி ஒரு போன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒளி உணரியைப் பற்றிச் சுருக்கமாக: ஆண்ட்ராய்டில் மட்டும் கிடைக்கும், ஐபோனில் இல்லை. மலிவான போன்களில் எண் படிப்படியாகத் தாவும், நுணுக்கமாக மாறாது. ஜன்னல் ஓரப் பெஞ்சுக்கும் மூலைப் பெஞ்சுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று காட்ட அது போதும். அதைப் பார்த்தபிறகு எங்கள் தலைமை ஆசிரியர் அந்த மூலையில் ஒரு டியூப் லைட் மாட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் அளந்து எழுதிய தாள்தான் காரணம் என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை.

இந்தச் செயலி எல்லாவற்றையும் செய்யாது. மின்சுற்று, அணு, மூலக்கூறு இதெல்லாம் இதில் வராது. அதற்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தாரின் ஃபெட் என்ற, திரையிலேயே செய்து பார்க்கும் உருவகச் சோதனைகளை வைத்துக்கொள்கிறேன். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, அதுவும் இலவசம். ஆனால் அதிலும் திரையில் பல்பு எரிந்தபிறகு, அதே சுற்றை உண்மையான பேட்டரி, ஒயர், டார்ச் பல்பு வைத்து மேசையில் செய்தே ஆக வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. உயிரியலுக்கு ஃபைஃபாக்ஸ் உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் போன் கொண்டுவர எங்கள் பள்ளியில் அனுமதி இல்லை, அது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். எனவே இருப்பது பள்ளியின் இரண்டு போன், அவசரத்துக்கு என் போன். அதில் நாற்பது பேர் வகுப்பைச் சமாளிக்க முடிகிறது. ஒரு குழு அளக்கும்போது மற்ற குழுக்கள் முந்தைய அளவுகளை வரைபடத் தாளில் போட்டுக்கொண்டிருப்பார்கள். செயலியே எக்செல்லாக அனுப்பித் தரும், வரைபடமும் போட்டுத் தரும். இருந்தாலும் முதல் தடவை கையால் வரைய வைக்கிறேன். அச்சு எங்கே, அலகு என்ன என்று பென்சிலால் போட்ட பிள்ளைக்குத்தான் திரையில் ஓடும் கோடு புரிகிறது.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 4½ கொடுப்பேன். அந்த அரை மதிப்பெண்ணைக் குறைத்தது 9.8 குழப்பத்துக்கும் நீளப் பட்டியலுக்கும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: முதலில் ஒலி ஸ்டாப்வாட்ச் மட்டும். வீட்டில் கிடக்கும் இரண்டு பழைய போன்களில் இறக்கி, சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டேப், இரண்டு சாப்பாட்டுத் தட்டு, இரண்டு கரண்டி. பக்கத்து வகுப்பு விளையாட்டுப் பீரியடுக்குப் போயிருக்கும் நேரமாகப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலேயே ஒருமுறை செய்து, சத்தத்தின் எல்லையை எவ்வளவு வைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஊகம் எழுதவைத்த பிறகு போனைக் கீழே வையுங்கள். முதலில் வரும் விடை 400ஐத் தாண்டினாலும் நீங்கள் திருத்த வேண்டாம், பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.